தராசு இல்லாத வீட்டில் தீபாவளிப் பலகாரம்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் தேக்கா சந்தையிலும் மாவும் நெய்யும் வாங்கக் கூட்டம் நெரியும். முறுக்கோடு நெய் பிஸ்கட்டும் கேக்கும் இங்கே பலகாரத் தட்டில் இடம் பிடித்து வெகுகாலம் ஆயிற்று. முறுக்குக்குக் கைப்பக்குவம் போதும். பிஸ்கட்டுக்கோ கணக்கு வேண்டும். குறிப்பில் "250 கிராம்" என்றிருக்கும்; வீட்டிலோ தராசு இருக்காது. தோட்டத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஒரு தட்டு பிஸ்கட் கெட்டால் மாவு, நெய், சர்க்கரை அத்தனையும் வீண். இதற்குக் கரண்டிக் கணக்கு கை கொடுக்கும்.

முதலில் ஓர் உண்மை. தராசு காட்டுவது எடை. கரண்டி காட்டுவது கொள்ளளவு. ஒரே கரண்டியில் சர்க்கரை கனமாகவும் மாவு லேசாகவும் இருக்கும். ஆகவே எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு ஆகாது.

தேக்கரண்டி என்பது 5 மில்லி லிட்டர். மேசைக்கரண்டி 15 மில்லி லிட்டர். ஆஸ்திரேலியச் சமையல் நூல்களில் மட்டும் மேசைக்கரண்டி 20 மில்லி லிட்டர். உங்கள் கரண்டியைச் சோதிக்க, இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பியில் 15 மில்லி லிட்டர் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பாருங்கள். வழியாமல் நிறைந்தால் அதுவே மேசைக்கரண்டி.

இனிப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி மைதா சுமார் 8 கிராம். பொடித்த சர்க்கரையும் 8 கிராம். சாதாரணச் சீனி 12 முதல் 13 கிராம். உருக்கிய நெய் 13 முதல் 14 கிராம். வெண்ணெய் 14 கிராம். தண்ணீர் 15 கிராம். தேக்கரண்டியில் உப்பு சுமார் 6 கிராம். பேக்கிங் பவுடர் சுமார் 4 கிராம். சமையல் சோடா பேக்கிங் பவுடரைவிட மூன்று, நான்கு மடங்கு வீரியமுள்ளது. ஒன்றுக்கு மற்றொன்றை அதே அளவில் போட்டுவிடாதீர்கள்.

நெய் பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். மைதா 250 கிராம் என்றால் 31 மேசைக்கரண்டி. பொடித்த சர்க்கரை 100 கிராம், பன்னிரண்டரைக் கரண்டி. உருக்கிய நெய் 150 கிராம், 11 கரண்டி. மாவைச் சலித்து, மெல்ல அள்ளி, கத்தியின் முதுகால் தலைதட்டுங்கள்; அழுத்தக் கூடாது. கரண்டிக்கு 2 கிராம் கூடினாலும் 31 கரண்டிக்கு 62 கிராம் கூடிவிடும். பிஸ்கட் கல்லாகும்.

ஒவ்வொரு முறையும் 31 எண்ண வேண்டுமா? வேண்டியதில்லை. ஒருமுறை எண்ணிப் பால் டின்னிலோ டம்ளரிலோ கொட்டி, மாவு நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். ஒரு டம்ளர் கொள்ளாவிட்டால் பாதியைப் போட்டுக் கோடிட்டு, இரண்டு முறை அளந்துகொள்ளலாம். அடுத்த தீபாவளிக்கு அந்தக் கோடுதான் தராசு. வெண்ணெய்க்குக் கரண்டியே வேண்டாம். 250 கிராம் கட்டியைச் சமமாக எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 31 கிராம்.

பாட்டி காலத்துக் குறிப்புகளில் காத்தி, அவுன்ஸ் என்றிருக்கும். சிங்கப்பூர் 1970இல் மெட்ரிக் வாரியம் அமைத்துக் கிராம், கிலோவுக்கு மாறியது. பழைய காத்தி ஒன்று சுமார் 605 கிராம். அவுன்ஸ் 28 கிராம். ஆகவே அரைக் காத்தி மாவு ஏறத்தாழ 38 மேசைக்கரண்டி. ஓர் அவுன்ஸ் மாவு மூன்றரைக் கரண்டி. பாட்டியின் தாளைத் தூக்கி எறியாமல், பக்கத்திலேயே கரண்டிக் கணக்கை எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கணக்குப் போடச் சொன்னால், அது அவர்களுக்குப் பள்ளிப் பாடமும் ஆகும்.