கருவுக்குப் போடும் மார்க்கு ஜாதகமா?



பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியர்கள் கண்ணாடிக் கிண்ணத்தில் கருவை உண்டாக்கி, அதற்கு மார்க்குப் போட்டுப் பொறுக்குகிறார்கள். "இதுவும் ஒரு ஜாதகந்தானே" என்று வைதிகர்கள் கேட்கக்கூடும். ஆதலால் அந்த மார்க்கு இன்னதென்று சற்று விளக்கமாகவே சொல்லுகிறேன்.

1978-இல் இங்கிலாந்தில் ஓல்ட்ஹாம் என்னும் ஊரில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை இம்முறையில் முதன்முதலாகப் பிறந்தது. கடவுள் வேலையில் மனிதன் கைவைப்பதா என்று மதவாதிகள் கூச்சலிட்டார்கள். அந்த அம்மையார் வளர்ந்து, தாமும் பிள்ளைகள் பெற்றுவிட்டார். கடவுளுக்கு இதனால் ஏதும் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை.

முட்டையும் விந்தும் கூடிய 3-ஆம் நாளில் கரு சுமார் 8 செல்லாகப் பிரிந்திருக்க வேண்டும். அவை ஒரே அளவா, உடைந்த துணுக்குகள் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 5-ஆம், 6-ஆம் நாளில் அது உள்ளே நீர் நிறைந்த சிறு பந்துபோல் ஆகிறது. 1999-இல் கார்ட்னர், ஸ்கூல்கிராஃப்ட் என்ற இருவர் வெளியிட்ட முறைப்படி, பந்து எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். குழந்தையாகப் போகும் உட்பகுதிக்கு ஓர் எழுத்து. நஞ்சுக்கொடியாகப் போகும் வெளிச்சுவருக்கு ஓர் எழுத்து. "4 ஏபி" என்றால் இவ்வளவுதான் அர்த்தம். இதில் இராசி இல்லை, நட்சத்திரம் இல்லை, கோத்திரம் இல்லை. மைக்ராஸ்கோப்பில் எந்த ஜாதிக்காரன் பார்த்தாலும் அதே செல்தான் தெரியும். இருவர் பார்த்தால் சிலசமயம் இரண்டு மார்க்கு வருவதுமுண்டு. அந்த வித்தியாசத்தையும் அவர்களே அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜோசியன் சொன்னது பலிக்காவிட்டால் "பிறந்த நேரம் தப்பு" என்று நம் தலையிலேயே போடுவான். விஞ்ஞானியோ தன் கருவியைச் சோதிக்கிறான். கருவை இடைவிடாது படம்பிடித்துப் பொறுக்கினால் பலன் கூடும் என்று விலை உயர்ந்த பெட்டியொன்றை விற்று வருகிறார்கள். பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பெண்களிடம் சோதித்து, அதனால் பிள்ளைப்பேறு அதிகமாகவில்லை என்று 2024-இல் பகிரங்கப்படுத்திவிட்டார்கள். பரிகாரம் செய்தவர் இத்தனை பேர், பலித்தது இத்தனை பேருக்கு என்று எந்தக் குருக்களாவது கணக்குக் காட்டியதுண்டா?

ஆனால், நம் மக்கள் எதையும் தலையெழுத்தாக்குவதில் கெட்டிக்காரர்கள். "உன் கருவுக்கு சிதானே வந்தது" என்று மாமியார் மருமகளைக் குத்திக் காட்டினால், "மலடி" என்ற பழைய வசவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கருவில் பாதி ஆணுடையதல்லவா? சி வாங்கிய கருவிலிருந்து நல்ல பிள்ளை பிறந்திருக்கிறது. ஏஏ வாங்கியது ஒட்டாமற் போயிருக்கிறது. குரோமோசோம் பிசகு வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. முட்டை கொடுக்கும் பெண்ணின் வயது ஏற ஏற அப்பிசகும் அதிகரிக்கும். எதை முதலில் கருப்பையில் வைக்கலாம் என்பதற்கே மார்க்கு. பிள்ளையின் அறிவையோ குணத்தையோ அது சொல்லாது. ஆண்பிள்ளை வேண்டுமென்று கருவைப் பொறுக்குவதோ, 1994-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டப்படி நம் நாட்டில் குற்றம்.

கருவை வைக்க நல்ல நேரம் குறித்துக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கத் தயாராயிருப்பது சில நாட்கள்தான். அதற்கு இராகுகாலம் தெரியாது. பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, புருஷனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். கரு எத்தனை உண்டாயிற்று, எந்த நாளில் பார்த்தீர்கள், ஒன்று வைக்கிறீர்களா இரண்டா, இரண்டானால் இரட்டைப் பிள்ளையால் தாய்க்கு வரும் ஆபத்து என்ன, மீதியை உறையவைக்கச் செலவென்ன என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.