கல்லின் ஒலியும் கூலியின் கணக்கும்
(தில்லிப் பகுதித் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரை)



தொழிற்பாதுகாப்பு குறித்த ஆங்கிலத் துண்டறிக்கை ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் தமிழாக்கம் செய்தேன். அதில் வந்த 'ரிங் டெஸ்ட்' என்பதை 'வளையச் சோதனை' என்று எழுதிவிட்டேன். ஃபரிதாபாத்தில் தம் வீட்டு முன்னறையிலேயே பெஞ்ச் கிரைண்டர் வைத்துக் கூலிக்கு வேலை செய்யும் தமிழ்த் தோழர் ஒருவர் அதைப் படித்துச் சிரித்தார். பின்னர் அழைத்துச் சென்று காட்டினார். சாணைக்கல்லின் நடுத்துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டினார். கணீரென்றது. விரிசல் கண்ட கல் மந்தமாக ஒலிக்குமாம்; அதைப் பூட்டவே கூடாது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அன்றுதான் அச்சொல்லின் பொருள் காதில் விழுந்தது.

விரிசலுக்கு ஏன் இத்தனை அச்சம்? 150 மில்லிமீட்டர் கல் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உடைந்தால் சில்லுகளும் அவ்வேகத்திலேயே தெறிக்கும். எனவே கல்லில் அச்சிட்ட உச்ச வேகம் மோட்டாரின் வேகத்துக்குக் குறைவாக இருத்தல் ஆகாது. கல்லின் இருபுறமும் ஒட்டியுள்ள காகித வட்டுகளைக் கிழித்தெறிவோர் உண்டு. இறுக்கம் சீராகப் பரவுவதற்காகவே அவை உள்ளன. புதுக் கல்லைப் பூட்டியதும், காப்பு மூடியுடன், ஒரு நிமிடமேனும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று வெறுமனே ஓடவிட வேண்டும்.

தாங்குதட்டுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. கல் தேயத் தேய இடைவெளி அகலும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டை மீண்டும் நெருக்கி வைக்காவிடில், தீட்டும் பொருள் இடுக்கில் சிக்கி விரலையும் உடன் இழுக்கும். கையுறை காக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். சுழலும் கல்லருகே அதுவே கையை உள்ளிழுக்கும். துப்பட்டாவும் தொளதொளத்த சட்டைக் கையும் அவ்வாறே. பாதுகாப்புக் கண்ணாடியோ கட்டாயம். அலுமினியத்தைச் சாதாரணக் கல்லில் தேய்க்காதீர்கள். அது கல்லின் துளைகளில் அப்பிக்கொண்டு கல்லைச் சூடேற்றும்.

இத்தனையும் எனக்குக் கற்பித்த அத்தோழரின் இயந்திரத்தில் காப்பு மூடி இல்லை. ஏன் என்று வினவினேன். "மூடி இருந்தால் உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க நேரமாகும், தோழர். எண்ணிக்கைக்குத்தானே கூலி" என்றார். மாலையில் அவர் துணைவியாரும் அதே இயந்திரத்தின் முன் நிற்கிறார்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரத்துக்குத் தடுப்பும் கண்ணுக்குக் காப்பும் கோரியது. ஆயின் மின்விசையுடன் 10 பேர் உழைக்கும் இடத்துக்கே அது பொருந்தியது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை 20 ஆக்கிற்று. இருவர் உழைக்கும் முன்னறை எந்தக் கணக்கிலும் சேராது. விரல் போனால் 'கவனக்குறைவு' என்று எழுதி முடிப்பர். அச்சொல்லை நானே எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன், தயக்கமின்றி.

கிளைச் செலவில் காப்பு மூடி வாங்கிப் பூட்டிவிட்டோம். அதனால் குறையும் எண்ணிக்கைக்கு ஈடாகக் கூலியை உயர்த்துமாறு ஒப்பந்தக்காரரிடம் கேட்க, ஞாயிறன்று நால்வர் செல்கிறோம். உடன் வர இயன்றவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.