திறமூல மென்பொருளும் மாணவர் பயிற்சியும்

திறமூல மென்பொருள் என்றாலே இலவச மென்பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். விலையின்மை அதன் விளைவுகளுள் ஒன்றே. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையே அதன் அடிப்படை. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. மாணவர் ஒருவரின் விடுமுறைக்கால முயற்சி இந்நிலையை எய்தியதற்கு, பிறருடைய திருத்தங்களைப் பொறுமையுடன் படித்து ஏற்றும் தள்ளியும் வந்த ஓர் ஏற்பாடு காரணமாகும்.

பொதுப் பண்டம் என்பதன் இலக்கணத்தைப் பொருளியல் மாணவர்கள் அறிவர். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவு நேராது. மென்பொருளின் நிரல் அத்தகையது. ஆனால் அதைப் பராமரிப்போரின் நேரம் அத்தகையதன்று. ஒரு மாணவருக்குச் செலவிடும் ஒரு மணி நேரம் ஒரு பிழையைத் திருத்தக் கிடைக்காத ஒரு மணி நேரமாகும். காலங்கடந்துவிட்ட மென்பொருட்பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதினார். புதியவர்களுக்குப் பயிற்சி தர வேண்டியவர்கள் ஏற்கெனவே அப்பணியில் மூழ்கியிருப்போரே என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. மாணவரைப் பயிற்றுவிக்கும் திட்டம் எதுவாயினும் இந்தப் பற்றாக்குறையிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

வழிகாட்டி செய்யும் பணி யாது? நிரல் எழுதக் கற்பிப்பது அதில் ஒரு சிறு பகுதியே. பிறர் எழுதிய பல்லாயிரம் வரிகளைத் தன் கணினியில் இயங்கச் செய்வதற்கே மாணவருக்குச் சில நாட்கள் ஆகலாம். பின்னர், அறிவிக்கப்பட்ட பிழையொன்றைத் தானும் தோற்றுவித்துப் பார்க்க வேண்டும். அதன் இடத்தைக் கண்டறிய வேண்டும். சிறு திருத்தம் ஒன்றைச் சோதனையுடன் அனுப்ப வேண்டும். அத்திருத்தம் இருமுறையோ மும்முறையோ திரும்பி வருவது இயல்பு. வகுப்பறையில் விடைத்தாளை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டு மதிப்பெண் பெற்றுப் பழகியவருக்கு இது தோல்வியாகத் தோன்றுகிறது. பலர் இவ்விடத்தில்தான் விலகிச் செல்கின்றனர். அது தோல்வியன்று என்பதை முதல் மறுப்புரையிலேயே உணர்த்துவது நல்ல வழிகாட்டியின் அடையாளம்.

நம் நாட்டு மாணவரிடையே மற்றொரு தயக்கமும் உண்டு. ஐயத்தைப் பலர் காணும் இடத்தில் கேட்பதற்குக் கூசி, பராமரிப்பாளருக்கு 'சார்' என்று விளித்துத் தனிமடல் எழுதுகின்றனர். மரியாதை பழுதற்றதே. எனினும், தனிமடலில் தரப்படும் விடை ஒருவருக்கே பயன்படும். பொதுவில் தரப்படும் விடை அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கும் பயன்படும். வழிகாட்டியின் நேரத்தைச் சிக்கனப்படுத்தும் வழிகளில் இதைவிட எளியது வேறில்லை.

முறையான பயிற்சித் திட்டங்களுள் பெரிதும் அறியப்பட்டது, 2005-இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய 'சம்மர் ஆஃப் கோட்'. முதலாண்டில் 8,700-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன; சுமார் 400 மாணவர் தேர்வாயினர். ஒவ்வொருவருக்கும் 4,500 டாலர் உதவித்தொகை. வழிகாட்டிய அமைப்புக்கு 500 டாலர். இவ்விகிதமே அக்காலக் கண்ணோட்டத்தைக் காட்டும். கற்பவரின் நேரத்துக்கு விலையிடப்பட்டது. கற்பிப்பவரின் நேரம் ஏறக்குறைய நன்கொடையாகவே கொள்ளப்பட்டது. 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் இதில் சேர இடந்தரப்பட்டது. தேர்வு பெறுவோரில் இந்தியர் பல ஆண்டுகளாக மிகுந்த எண்ணிக்கையில் இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. 2006-இல் க்னோம் திட்டத்திற்கு இவ்வழியில் வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்களிடமிருந்து வரவில்லை. அக்குறையைக் களைய அவ்வமைப்பு பெண்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்றை வகுத்தது. 'அவுட்ரீச்சி' என்று இன்று வழங்குவது அதன் வழிவந்ததே. இதில் ஒரு சிறு பணியையேனும் செய்து காட்டிய பின்னரே தேர்வு நடைபெறுகிறது. இது நல்ல விதி.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் ஆதரவில் நடந்துவரும் 'ஃபாஸ்ஸி' திட்டம் சற்று விரிவாக நோக்கத்தக்கது. விலைமிக்க கணிப்பு மென்பொருட்களை வாங்கும் ஆற்றல் நம் பொறியியற் கல்லூரிகள் பலவற்றுக்கு இல்லை. பிரான்சில் உருவான சைலாப் என்னும் திறமூல மென்பொருள் அவற்றுக்கு மாற்றாகக் கூடியது. எனினும், அதில் செய்து காட்டப்பட்ட கணக்குகள் போதிய அளவில் இல்லாமையால் ஆசிரியர்கள் தயங்கினர். எனவே, மாணவர் ஒருவர் பாடநூல் ஒன்றைத் தேர்ந்து, அதில் தீர்வு தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளுக்கெல்லாம் சைலாபில் நிரல் எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. விடை நூலிலுள்ள விடையோடு ஒத்துவருகிறதா என்று மீளாய்வாளர் சரிபார்த்த பின் நிரல் வெளியிடப்படும். மாணவருக்கு மதிப்பூதியமும் சான்றிதழும் உண்டு. இவ்வாறு பல நூறு பாடநூல்களுக்குத் துணைநிரல்கள் உருவாகியுள்ளன.

இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. பணியின் எல்லை தெளிவானது. சரியான விடை இன்னதென்பது முன்னரே தெரியும். ஆகையால், சிறு நகரத்துக் கல்லூரி மாணவரும் மேற்பார்வை அதிகமின்றிச் செய்து முடிக்கலாம். மீளாய்வாளரின் நேரமும் மிச்சமாகிறது. முடிந்த பணி அடுத்த வகுப்புக்குக் கருவியாகிறது. ஆனால், நூலுக்கு நிரல் எழுதியவர் சைலாபையே திருத்தும் நிலைக்கு உயர்வது தானாக நிகழ்வதன்று. அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள படிக்கட்டில் கைப்பிடித்து ஏற்றுவோர் தேவை. அங்கேதான் நம்மிடம் ஆட்கள் குறைவு.

எண்ணிக்கையை மட்டும் இலக்காகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு 2020 அக்டோபர் சான்று. ஆண்டுதோறும் அம்மாதத்தில் நடைபெறும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்னும் நிகழ்ச்சியில், நான்கு திருத்தங்களை அனுப்புவோருக்கு ஒரு பனியன் பரிசாக அறிவிக்கப்பட்டிருந்தது. விளக்கக் குறிப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும், ஓர் இடைவெளியை நீக்குவதும் திருத்தமென்று குவிந்தன. அவற்றுள் கணிசமானவை நம் நாட்டு மாணவர்கள் அனுப்பியவை. காணொளிப் பாடமொன்றில் மாதிரியாகக் காட்டியதை அவர்கள் அப்படியே பின்பற்றினர். பராமரிப்பாளர்கள் எழுப்பிய கண்டனத்தால், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே நிகழ்ச்சி பொருந்தும் என்று அம்மாதத்திலேயே விதி மாற்றப்பட்டது. மாணவர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. சான்றிதழ் எண்ணிக்கையைக் கேட்கும் வளாகத் தேர்வும், பயிற்சி பெற்றோர் தொகையைக் கேட்கும் அரசுப் படிவமும் அதே பாடத்தைத்தான் அவர்களுக்குப் புகட்டியுள்ளன.

மறுபக்கத்தில், பராமரிப்பாளரின் களைப்பும் ஆபத்தாகக் கூடியது. 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கு மென்பொருளைத் தனியொருவர் ஓய்வுநேரத்தில் பேணி வந்தார். உதவ வந்ததாகக் காட்டிக்கொண்ட ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, இறுதியில் அதனுள் கள்ளவாயில் ஒன்றைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அதைத் தற்செயலாகக் கண்டறிந்ததால் பெருங்கேடு தவிர்ந்தது. ஒருவரே சுமக்கும் பொறுப்பை, முகமும் பெயரும் அறிந்த பயிற்சியாளர் நால்வரிடையே பகிர்வது பாதுகாப்புக்கும் உகந்த ஏற்பாடாகும்.

அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்னும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அரசுச் செயலிகளின் மூல நிரலையே திறந்து கூட்டாக மேம்படுத்தும் கொள்கையும் அதே ஆண்டில் வந்தது. நிரல் திறந்திருந்தாலும், வரும் மாணவருக்கு மறுமொழி தர அலுவலகத்தில் எவரும் பணிக்கப்படாவிடில் கதவு சாத்திய வீடுபோலவே அது இருக்கும். மென்பொருள் ஒப்பந்தங்களில் வன்பொருளுக்கும் நிறுவலுக்கும் தனித் தலைப்புகள் உள்ளன. வெளியார் திருத்தங்களை மீளாய்வு செய்யும் நேரத்துக்கும் ஒரு தலைப்பு சேர்க்கலாம். கல்லூரிகளில் ஆசிரியரின் மீளாய்வு நேரத்தை ஆய்வகப் பணிநேரமாகக் கணக்கிடலாம். இறுதியாண்டில் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கிப் பாதியில் கைவிடப்படும் செயல்திட்டங்களுக்குப் பதிலாக, முந்தைய அணி விட்ட இடத்திலிருந்து அடுத்த அணி தொடரலாம். அப்போது, மூத்த மாணவர் இளையவரின் திருத்தத்தைப் படித்துக் குறிப்பெழுதியதற்கும் மதிப்பெண் வழங்க வேண்டியிருக்கும். அதற்குத் தேர்வு விதிகளில் இப்போதுள்ள படிவத்தில் ஒரு பத்தியைக் கூட்டினால் போதும்.