வீடு தேடி வந்த ஏடும் காற்றில் கலந்த பேச்சும்



இடதுசாரி அறிவாளரும் பழைமை போற்றும் அறிவாளரும் மக்கள் பார்வைக்கு வந்த வகையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இன்று இணையத்தில் எத்தரப்பின் குரல் ஓங்கியிருக்கிறது என்ற வழக்கு ஓயாது நடைபெறுகிறது. எதிர்த்தரப்பே எங்கும் நிறைந்திருப்பதாக ஒவ்வொரு தரப்பும் குறைபட்டுக்கொள்கிறது. இவ்வழக்கு புதியதன்று. அச்சு ஏடுகளின் காலத்தில் இது எவ்வாறு நடந்தது என்று காண்போமானால், இன்றைய நிலையும் ஓரளவு விளங்கும்.

தியாகராய நகரையே எடுத்துக்கொள்வோம். அங்குப் பசுல்லா சாலையில் மூதறிஞர் இராஜாஜி வாழ்ந்தார். அதே நகரில்தான் இன்று இரு பொதுவுடைமைக் கட்சிகளின் மாநில அலுவலகங்களும் உள்ளன. நடந்து செல்லும் தொலைவுதான். ஆயினும் இரு தரப்பினரும் வாசகரைச் சென்றடைந்த வழிகள் வெவ்வேறு.

இராமகாதையில் தோய்ந்த இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இராஜாஜி, மற்றவர் ஜீவா. இராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்தது, நூலாயிற்று, 1958-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. வாரந்தோறும் அது வீடு தேடி வந்தது. தாய்மார்கள் படித்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஜீவாவோ காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் நின்று, பொதுவுடைமையாளரின் நோக்கில் கம்பனைப் போற்றினார். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் திரண்டது. ஆனால், அவர் பேசியவற்றுள் எழுத்தில் ஏறியவை சிலவே. 1963 ஜனவரியில் அவர் மறைந்தபின், எஞ்சியவை கேட்டவர்களின் நினைவில் தங்கின. அந்நினைவுகளும் இன்று அருகிவிட்டன. என் முதுகலை மாணவியரிடம் வினவினால், இராஜாஜியின் நூலைப் பாட்டி வீட்டில் கண்டதாகப் பலர் கூறுகின்றனர். ஜீவா கம்பனைப் பற்றிப் பேசியதைக் கேள்விப்பட்டவர் ஓரிருவரே. அறிவில் ஏற்றத்தாழ்வு இருந்ததால் விளைந்த வேறுபாடு இது என்று யார் கூறுவார்?

இதைக் கொண்டு, அச்சுலகம் முழுவதும் ஒரு தரப்புக்கே உரியதாக இருந்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. 1951-இல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இடதுசாரி நூல்களைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. சோவியத் நாட்டில் அச்சான தமிழ் நூல்கள் மிக மலிவான விலையில் மாணவர் கைகளுக்குக் கிட்டின. 'சரஸ்வதி' போன்ற சிற்றிதழில் எழுதிய ஜெயகாந்தன், பின்னர் 'ஆனந்த விகடன்' வழியாக மயிலாப்பூர் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தார். விரும்பாதவரும் படித்தனர், படித்துச் சினந்தனர்.

பார்க்கும் சாளரத்தை மாற்றினால் காட்சியும் மாறுகிறது. 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து நா. வானமாமலை தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழைக் கடைகளில் கேட்டு வாங்கியோர் மிகக் குறைவு. 1970 பொங்கலன்று சோ தொடங்கிய 'துக்ளக்' இதழோ வீதியெல்லாம் பேசப்பட்டது. அதன் ஆண்டு விழாவில் வாசகரின் கேள்விகளுக்கு அவர் விடையளிப்பதைக் கேட்கச் சென்னையில் அரங்கம் நிரம்பும். எனினும், நான் மதிப்பிட்ட ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் வானமாமலையின் பெயரைப் பலமுறை கண்டிருக்கிறேன். சோவின் பெயரை ஒருமுறையும் கண்டதில்லை. வீதியில் தெரிந்தவர் ஒருவர். வகுப்பறையில் தெரிந்தவர் மற்றொருவர்.

ஆகவே, ஓர் அறிவாளர் பார்வைக்கு வருவது அவரைச் சுமந்து செல்லும் ஊர்தியைப் பொறுத்தது என்பேன். ஊர்தி நின்றால் தோற்றமும் மங்கும். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த மலிவு நூல்களின் வரத்து அற்றுப்போயிற்று. 2020-இல் 'கல்கி' அச்சில் வருவதும் நின்றது. இன்றைய ஊர்தி திறன்பேசியின் திரை. அதில் எது முன்னே வரவேண்டும் என்பதை வணிக நிறுவனங்களின் கணக்கீடு தீர்மானிக்கிறது. நம்மை நெடுநேரம் அமர்த்தி வைப்பதே அக்கணக்கின் நோக்கம். அதனால் எத்தரப்பிலும் நிதானமாகப் பேசுபவர் பின்னே தள்ளப்படுகிறார். சினத்தை மூட்டுபவர் முன்னே வருகிறார். திரையில் மிகுதியாகத் தெரிபவரையே அத்தரப்பின் சிறந்த அறிவாளர் என்று கொள்வோமாயின், இரு தரப்பையும் நாம் அறியாதவர்களாவோம்.

நமக்கு வழிகாட்டிகள் அருகிலேயே இருக்கின்றன. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் சுவடிகளைக் காத்து வருகிறது. 1994-இல் அமைந்து, இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சமயம் வளர்த்த ஏடுகளும் சமயத்தை மறுத்த ஏடுகளும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. தொகுத்தவர் தரப்புப் பார்த்திருந்தால் நமக்குப் பாதி வரலாறே கிடைத்திருக்கும்.

நம் வட்டத்தில் பத்தாண்டுகளாக எத்தனையோ உரைகள் நிகழ்ந்தன. அவற்றுள் எழுத்து வடிவில் இருப்பவை எத்தனை? இம்மலர் ஒரு நல்ல தொடக்கம். இனிமேல் ஒவ்வோர் உரையையும் எழுத்தில் வாங்கி, ஆண்டுதோறும் தொகுத்து, நூலகங்களில் சேர்ப்போம் என்று உங்களை வேண்டுகிறேன். நமக்கு உடன்பாடில்லாதவரின் உரையை முதலில் சேர்ப்போம். அதைத்தான் நாம் எளிதில் தொலைத்துவிடுவோம்.