கோடையில் மட்டுமா?



மாசி, பங்குனியில் பலெர்மோச் சந்தைக்கு சியாகுல்லி மந்தாரின் தோடம்பழம் வரும். தேன் மாதிரி இனிக்கும். அது விளையும் ஊரில்தான் 1963 ஜூன் 30ஆம் திகதி கைவிடப்பட்ட கார் ஒன்று நின்றது. கண்ணுக்குத் தெரிந்த குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டுக் காரைச் சோதித்தபோது, மறைத்து வைத்த மற்றது வெடித்தது. காவல்துறையினரும் இராணுவத்தினருமாக ஏழு பேர் இறந்தார்கள். மாபியாக் குழுக்களின் சண்டைக்கு வைத்த குண்டு அது.

அந்த ஏழு பேரையும் மனத்தில் வைத்துக்கொண்டே இரண்டு படங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1970இல் எலியோ பெத்ரி எடுத்த படத்தில், கொலை விசாரணைப் பிரிவின் தலைவரே தன் காதலியைக் கொல்கிறார். தடயங்களையும் வேண்டுமென்றே விட்டுப் போகிறார். சக அதிகாரிகளோ அவரைச் சந்தேகிக்கவே மறுக்கிறார்கள். சிரிப்பு வரும், கூடவே பயமும் வரும். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஒஸ்கார் விருது அதற்குக் கிடைத்தது.

மற்றது, பலெர்மோக்காரரான பிஃப் 2013இல் எடுத்த படம். பெயர், 'மாபியா கோடையில் மட்டும்தான் கொல்லும்'. அதில் வரும் சிறுவனுக்குப் பிரதமர் அந்திரேயொத்திதான் கதாநாயகன். மாறுவேட நாளில் அவரைப் போலவே உடுத்திப் போகிறான். 1980 வசந்தம் வரை அந்திரேயொத்திக்கு மாபியாவுடன் தொடர்பு இருந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டதால் தண்டிக்க முடியாது என்று பலெர்மோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் தீர்த்தது. இதை அறிந்தவருக்கு அந்த வேடம் சுடும்.

நம்மையும் கொல்வார்களா என்று பயந்து கேட்கும் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் சொல்லும் சமாதானம்தான் படத்தின் பெயர். பொலிஸ் அதிகாரி போரிஸ் ஜூலியானோ 1979 ஜூலையில் கொல்லப்பட்டார். நீதவான் கின்னிச்சி 1983 ஜூலையில். ஆனால் சிசிலியின் ஆட்சித் தலைவர் பியர்சாந்தி மத்தரெல்லாவைச் சுட்டது 1980 ஜனவரி 6ஆம் திகதி, நடுக்குளிர்காலத்தில்.

ஷெல் சத்தம் கேட்டால் என் அம்மாவும், "அது தூரத்திலை விழுது, நீ படு" என்பா. அன்று எனக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது. படத்தின் முடிவில், வளர்ந்துவிட்ட அந்தச் சிறுவன் தன் மகனை நினைவுப் பலகைகளுக்கு முன்னால் கூட்டிச் சென்று உண்மையைச் சொல்கிறான். அதைப் பார்த்த பிறகு நானும் என் மகளைச் சியாகுல்லிக்குக் கூட்டிப் போனேன். தோடம்பழம் வாங்கினோம். அந்த ஏழு பேரின் கதையையும் சொன்னேன்.