ஹஜ் பயணத்தில் உடல்நலம் பேணல்

(ஹஜ் வழியனுப்புக் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



  

ஹஜ்ஜின் அமல்களை முந்தைய வகுப்புகளில் கேட்டீர்கள். அவ்வமல்களைச் செய்யவிருக்கும் உடலைப் பற்றி இன்று சில சொற்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரியைக் கடந்தது. அவ்வாண்டு 1,301 பேர் மரணித்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, தக்க தங்குமிடமின்றிக் கடும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். முதியோரும் நாட்பட்ட நோயுள்ளோரும் அவர்களில் இருந்தனர். "அங்கே மவுத்தாவது பாக்கியம்தானே" என்று நம்மில் சிலர் கூறுவதுண்டு. மவுத்து வருவது அல்லாஹ்வின் நாட்டம். அதைத் தேடிச் செல்லும்படி நாம் ஏவப்படவில்லை.

சிரமம் கூடினால் நன்மை கூடும் என்றெண்ணிச் சலுகைகளை மறுப்போர் பலர். ஒரு பயணத்தில் நோன்பு நோற்றுத் துவண்டுபோன ஒருவருக்கு மக்கள் நிழல் கொடுத்து நிற்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பயணத்தில் அவ்வாறு நோன்பு நோற்பது நற்செயலாகாது என்று உணர்த்தினார்கள். நபியவர்களின் ஹஜ்ஜிலேயே பிலால் (ரலி), உஸாமா (ரலி) இருவரில் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் துணியை உயர்த்தி நபியவர்களுக்கு வெயில் படாமல் மறைத்தார் என்று முஸ்லிம் நூலில் வந்துள்ளது. ஆகவே இஹ்ராமில் குடை பிடிப்பதற்குத் தயங்க வேண்டாம். தலையில் படும்படி துணி போடுவதுதான் ஆண்களுக்குத் தடை. வாசனையில்லாத தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளலாம், குளிக்கலாம். தலையில் பேன் மிகுந்து வேதனைப்பட்ட கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களுக்கு, இஹ்ராமிலேயே முடியை மழித்துவிட்டுப் பரிகாரம் செய்ய அனுமதி கிடைத்ததை நினைவில் வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. மினாவில் கழிப்பிடத்தின் முன் நீண்ட வரிசை நிற்கும். அதற்கு அஞ்சிப் பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் இது பெரும் ஆபத்து. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிப்பதென்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடன் இருப்பவர் திடீரென்று தடுமாறிப் பேசினால், உடல் நெருப்பாய்ச் சுட்டால், அது வெறும் களைப்பன்று. நிழலுக்குக் கொண்டு சென்று, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறி, உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. ஹஜ்ஜுக்கு முந்தைய நாட்களில் தன்ஈமுக்குச் சென்று சென்று நஃபில் உம்ரா செய்து களைத்து, அரஃபா நாளில் காய்ச்சலோடு படுத்துவிடுவோர் உண்டு. ஃபர்ளுக்கு வேண்டிய பலத்தை நஃபிலில் தீர்த்துவிடுவது அறிவுடைமையாகாது. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை நடப்பதே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்; நடைப் பயிற்சியை இங்கேயே தொடங்குங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் சாலையில் இறங்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது. ஹரமின் வாசலில் விட்ட செருப்பு திரும்பக் கிடைப்பது அரிது. ஒரு பையில் இட்டுத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வையுங்கள்; பெரிய பெட்டியில் போட்டால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் சவூதி சென்றடைவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னராவது போட்டிருக்க வேண்டும்.

தலை மழிக்கும்போது புதிய பிளேடைக் கண்ணெதிரில் மாற்றச் சொல்லுங்கள்; பிறர் இரத்தம் பட்ட பிளேடினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். ஒட்டகப் பண்ணைக்குச் சென்று காய்ச்சாத பால் குடிக்கும் ஆசையும் வேண்டாம். 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோய் ஒட்டகங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது.

மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் அரஃபா தவறிவிடுமே என்றஞ்சி நோயை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். மருத்துவமனையில் இருக்கும் ஹாஜிகளுள் பயணம் செய்யத் தக்க நிலையில் இருப்போரைச் சவூதி சுகாதாரத் துறையினர் ஆம்புலன்ஸ் வண்டிகளில் அரஃபாவுக்கு அழைத்துச் சென்று தங்கச் செய்கிறார்கள். படுத்த நிலையில் இருந்தாலும் அந்த வுகூஃப் நிறைவேறும். கல்லெறிய இயலாதவர் தமக்குப் பகரமாக மற்றொருவரை நியமிக்கலாம். எனவே நோய் கண்டவுடன் உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.