பின்விளக்கில் தேங்கும் மழைநீர்



மாலை நேரம். கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கமாக மழை கொட்டுகிறது. மோட்டார் சைக்கிளோட்டிகள் பலர் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறார்கள். நனைந்தாலும் பரவாயில்லை, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஒதுங்காமல் வருகிறவர்களும் உண்டு. ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிய வழிய ஓட்டி வருகிற அந்த மனிதருக்கு, முன்னால் போகும் கார் தெரிவதில்லை. அதன் பின்னால் எரியும் இரண்டு சிவப்பு விளக்குகள்தாம் தெரிகின்றன. அவற்றில் ஒன்று எரியாவிட்டால் கார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அவருக்குப் பிடிபடாது. எரிகிற ஒற்றை விளக்கை இன்னொரு மோட்டார் சைக்கிள் என்று எண்ணி, பக்கவாட்டில் முந்தப் பார்ப்பார். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பது பல ஆண்டுகளாக மாறாத கணக்கு.

காரை ஓட்டுகிறவர் தம் பின்விளக்கைத் தாமே பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போதுதான் அதற்குள் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பது கண்ணில் படும். ‘மீன் வளர்க்கலாம் போலிருக்கிறதே’ என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவோர்தாம் அதிகம். விளக்குதான் எரிகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பலருடைய நினைப்பு.

இதில் முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மழைக்குப் பிறகு விளக்கின் உட்புறம் லேசாக ஆவி படர்ந்து, விளக்கைப் போட்டுச் சிறிது நேரம் ஓட்டியதும் மறைந்துவிட்டால் அது பழுதல்ல. துளிகள் உருண்டு அடியில் தேங்கினாலும், ஆவி நாள்கணக்கில் போகாமல் நின்றாலும் அது கசிவு.

இவ்வளவு தண்ணீர் மயிரிழை போன்ற வெடிப்பு வழியாக எப்படிப் போகிறது? பின்விளக்கு மூச்சு விடுகிறது என்பதுதான் காரணம். விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். அந்தக் காற்று வெளியேறும். பிறகு சடசடவென்று மழை பெய்து விளக்கு குளிர்ந்தால், உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளியில் இருப்பதை இழுக்கும். வெடிப்பின் மேல் மழைநீர் ஓடிக்கொண்டிருந்தால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போகும். ஒவ்வொரு மழைக்கும் சில துளிகள். சில வாரங்களில் ஒரு குட்டை.

இப்படி மூச்சு விடுவதற்கென்றே விளக்கின் பின்புறத்தில் சிறிய துளைகளை வைத்துத்தான் தொழிற்சாலையில் செய்கிறார்கள். வளைந்த ரப்பர் குழாயாகவோ, துணி போன்ற மெல்லிய ஒட்டாகவோ அது இருக்கும். வீட்டில் பழுது பார்க்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். ஒரு குழாய் சிலிக்கோன் வாங்கி, கண்ணில் பட்ட இடுக்கு, துளை எல்லாவற்றையும் பூசி அடைத்துவிடுகிறார்கள். மூச்சுத்துளையும் அதோடு சேர்ந்து அடைபடுகிறது. அடைக்காமல் விட்டுப்போன ஏதோ ஒரு வெடிப்பு வழியாகத் தண்ணீர் முன்னைவிட வேகமாக இழுக்கப்படும்; வந்த தண்ணீர் வெளியேறவும் வழியிருக்காது. எனவே பூசுவதற்கு முன்னால் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதே முக்கிய வேலை.

விளக்கைக் கழற்றுவது பயப்படும்படியான காரியமல்ல. பூட் வைத்த கார்களில் உட்புற விரிப்பை விலக்கினால் இரண்டு மூன்று நட்டுகள் தெரியும். கதவைத் தூக்கும் ரகக் கார்களில் கதவைத் திறந்ததுமே ஓரத்தில் திருகாணிகள் தென்படும். விளக்குகளை அணைத்துவிட்டு, வயர் இணைப்பைப் பிரித்து, விளக்கை நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். நெம்பினால் பிளாஸ்டிக் காது ஒடிந்துவிடும்.

பல்புகளை எடுத்துவிட்டு அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பிறகு ஓட்டைகளைப் பிளாஸ்டிக் தாளாலும் டேப்பாலும் இறுக மூடி, மூச்சுத்துளை ஒன்றில் சிறு குழாயைப் பொருத்தி, மற்றவற்றையும் டேப்பால் மூடி, விளக்கை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குழாய் வழியே மெதுவாக ஊதுங்கள். சைக்கிள் டியூப்பில் ஓட்டை பார்க்கும் அதே முறைதான். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் வெடிப்பு. அந்த இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடியும் பின்கூடும் சேரும் விளிம்பின் மேல்பகுதியில்தான் குமிழி வரும். தண்ணீர் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டுக் கீழ் விளிம்பைப் பூசுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்தது உலர்த்துவது. உள்ளே துணியை விட்டுத் துடைக்கக் கூடாது. பளபளவென்று இருக்கும் பூச்சு மிக மெல்லியது, உரசினால் உரிந்துவிடும். பாசி படிந்திருந்தால் சுத்தமான தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினால் போதும். பிறகு ஓட்டைகள் கீழ்நோக்கி இருக்கும்படி காற்றாடிக்கு முன்னால் ஓர் இரவு வைத்துவிடலாம். அவசரமென்றால் முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டலாம். முகப்பு விளக்கை அடுப்பில் வைத்துப் பிரிப்பதைப் பார்த்தவர்கள் பின்விளக்கிலும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். பின்விளக்குகள் பெரும்பாலும் பசையால் ஒட்டப்படாமல், பிளாஸ்டிக்கையே உருக்கி இணைத்துச் செய்யப்பட்டவை. சூடேற்றினால் நெளியுமே தவிர பிரியாது.

தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவற்றைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். அந்தச் சிவப்பு மூடி கண்ணாடியல்ல, பெரும்பாலும் அக்ரிலிக். இத்திரவங்கள் பட்டால் சிலந்தி வலைபோல் வெடிப்பு ஓடும். ஒரு கசிவை அடைக்கப் போய் நூறு கசிவுக்கு வழி திறந்ததாகும். சோப்புத் தண்ணீரே போதும்.

சிலிக்கோனிலும் இரண்டு வகை இருக்கிறது. பிதுக்கியதும் வினிகர் நாற்றம் அடிப்பது ஒன்று. அது உலரும்போது வெளிவரும் அமிலம் செம்புக் கம்பியையும் பல்பு பிடிப்பானையும் அரிக்கும். குழாயின்மேல் ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கும் வகை ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல். அதையே கேட்டு வாங்குங்கள். குறித்த இடத்தின் இருபுறமும் டேப் ஒட்டி, பசையை இடுக்குக்குள் விரலால் அழுத்தித் தேய்த்து, அது தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள். மேலோட்டமாகத் தடவிய பசை இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. பிறகு முழுதாக ஒரு நாள் தொடாமல் விடுங்கள். இப்பசை காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகுவது. அந்த வகையில் மலேசிய வானிலை அதற்குத் தோதானதுதான். வேகமாக ஒட்டும் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி உட்புறமெங்கும் வெள்ளையாகப் படியும்.

அடியில் ஒரு துளை போட்டால் தண்ணீர் தானே வடிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வடியும். ஆனால் சக்கரம் வாரியடிக்கும் சேறும் அதே துளையில் ஏறும். ஒழுகும் கூரையை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் ஓட்டை போட்ட கதை அது.

விளக்கு உலர்ந்திருக்கும்போதே பல்பு பிடிப்பானையும் பாருங்கள். உண்மையான ஆபத்து அங்கேதான். பல கார்களில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பச்சைத் துரு படிந்தால் மின்சாரம் சரியாகத் திரும்பாமல் வேறு வழி தேடும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மங்கலாக எரிவதும், ஒரு பக்கச் சிக்னல் மட்டும் வேகமாக ‘டிக் டிக்’ என்று அடிப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். தண்ணீரால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். பிரேக் விளக்குகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஃபியூஸ்தான். ஒரு பக்கம் தேங்கிய நீர் இரு பக்கத்தையும், மேலே உள்ள மூன்றாம் விளக்கையும் சேர்த்து அணைத்துவிடும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. துருவை மெல்லிய உப்புத்தாளால் சுரண்டி, கருத்த பல்பை அதே வாட் அளவில் மாற்றிவிடுங்கள். சூட்டில் ஈரம் காயட்டும் என்று பெரிய வாட் பல்பு போடுவது பிளாஸ்டிக்கை உருக்கும்.

திரும்பப் பொருத்தும்போது விளக்குக்கும் கார் உடம்புக்கும் இடையிலுள்ள நுரைப்பட்டையையும் கவனியுங்கள். அது நசுங்கியிருந்தால் தண்ணீர் விளக்குக்குள் போகாது, பூட்டுக்குள் போகும். ஸ்பேர் டயர் குழியில் தேங்கித் துருப்பிடிக்கும். காருக்குள் ஈர நாற்றம் அடிக்கிறது என்று வாசனைப் பொருள் வாங்கித் தொங்கவிடுகிறவர்களில் சிலருடைய காரில் குற்றவாளி இந்தப் பட்டைதான். நட்டுகளைச் சமமாக, மிதமாக முடுக்குங்கள். முரட்டுத்தனமாக முடுக்குவதே புதிய வெடிப்புக்குக் காரணமாகும்.

எல்லா விளக்கும் வீட்டில் பழுது பார்க்கத் தக்கதல்ல. எல்இடி விளக்குகளில் மின்னணுப் பலகை உள்ளேயே அடைத்து வைக்கப்பட்டிருக்கும். உத்தரவாதக் காலம் முடியாத காரை முதலில் விற்பனையாளரிடமே கொண்டு செல்லுங்கள். மூடி உடைந்து துண்டு விழுந்திருந்தால் பசை வேலைக்கு ஆகாது. ஹாஃப் கட் கடையில் பழைய விளக்கு ஒன்றை வாங்கிப் போடுவதே மேல். சிவப்புத் தாள் ஒட்டி ஓட்டுவது சம்மனுக்கு அழைப்பு விடுப்பதாகும். காரை விற்கும்போது உரிமை மாற்றப் பரிசோதனையிலும் விளக்குகளைப் பார்ப்பார்கள்.

பொருத்தி முடித்ததும் தோட்டக் குழாயால் பத்து நிமிடம் மேலிருந்து தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலையில் உள்ளே துளி இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டியபின் காரைப் பின்புறமாக வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தி, விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். உதவிக்கு ஆள்கூடத் தேவையில்லை. இரு பக்கமும் ஒரே அளவு சிவப்பாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் இன்னொரு முறை கழற்றிப் பிடிப்பானைச் சுரண்ட வேண்டியிருக்கும்.